ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தையோட நீண்ட ஃப்ளைட்: கஷ்டம் எங்க இருந்து வருது, எத முன்னாடியே சரி பண்ணலாம்

வெளிநாட்டுல இருக்குற நம்ம வீடுகள்ல ஸ்கூல் லீவு நெருங்கினாலே ஊருக்குப் போற பேச்சு வந்துடும். ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்குற வீட்டுல மட்டும் அந்தப் பேச்சு பாதியிலயே நின்னு போயிடுது. சான் ஃபிரான்சிஸ்கோவுல ஏறினா துபாய் வரைக்குமே 15, 16 மணி நேரம், அங்க எறங்கி காத்திருந்து சென்னைக்கு இன்னொரு 4 மணி நேரம், இவன வச்சுக்கிட்டு இத எப்படித் தாண்டுறதுன்னு யோசிச்சு யோசிச்சே அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுறாங்க, தாத்தா பாட்டி பேரன வீடியோ கால்லயே பாத்துட்டு இருக்காங்க. எனக்கு இது ரொம்ப மனச அறுக்குற விஷயம். என் பையனும் ஆட்டிசம் உள்ளவன்தான், நாங்க போய்ட்டு வந்துட்டுதான் இருக்கோம், அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

எல்லாரும் பயப்படுறது "அவ்ளோ நேரம் சீட்ல எப்படி உக்காருவான்"னு. ஆனா நான் பாத்த வரைக்கும், மத்த பேரண்ட்ஸ் கிட்ட கேட்ட வரைக்கும், நடுவானத்துல போற அந்த 10 மணி நேரம் பெரும்பாலும் அடங்கிடுது. வெளிச்சம் கம்மி, ஒரே மாதிரி சத்தம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, கையில டேப்லெட் இருக்கு. பிரச்சனை வர்றது ரெண்டு முனையிலயும்தான்: ஏர்போர்ட் க்யூ, செக்யூரிட்டி, ஏறி உக்காந்ததுக்கு அப்புறம் கதவு மூடாம நிக்கிற அரை மணி நேரம், எறங்கும்போது காது வலி, அப்புறம் இமிக்ரேஷன். அதனால உங்க தயாரிப்புல முக்கால்வாசி தரையில நடக்குற விஷயங்களுக்குத்தான் போகணும்னு நான் சொல்வேன்.

ஏன் இப்படின்னு கொஞ்சம் பாக்கலாம். 2013ல டி.எஸ்.எம்-5, அதாவது மனநலக் குறைபாடுகள கண்டுபிடிக்க டாக்டர்ங்க பாக்குற அமெரிக்கக் கையேடு, வந்தப்ப ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா புலன் சார்ந்த வித்தியாசத்தையும் சேத்தாங்க, அதாவது சத்தம், வெளிச்சம், தொடுதல், வாசனை இதுக்கெல்லாம் சில குழந்தைங்க ரொம்ப அதிகமா ரியாக்ட் பண்ணுவாங்க, சில பேரு ரொம்பக் கம்மியா, பல பேருக்கு ரெண்டும் கலந்து இருக்கும். இப்ப விமானத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. பறக்கும்போது கேபின் சத்தம் சுமாரா 80ல இருந்து 85 டெசிபல். காத்துல ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ, அதனால மூக்கும் உதடும் காஞ்சு போகும், உதட்டக் கடிச்சே புண்ணாக்கிக்கிற குழந்தைங்க உண்டு. கேபின் அழுத்தம் 6000ல இருந்து 8000 அடி உயரத்துல இருக்குற மாதிரி, கிட்டத்தட்ட ஊட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறி எறங்குற கணக்கு. இதோட பக்கத்து சீட்காரரோட சென்ட், சூடு பண்ணின சாப்பாட்டு வாசனை, திடீர்னு தலைக்கு மேல வர்ற அனவுன்ஸ்மென்ட், பாதி பேருக்கே புரியாத மொழியில.

இதுல எது ஒண்ணும் தனியா தாங்க முடியாததுன்னு இல்ல. ஒரு குடம் நிறையிற மாதிரி சொட்டு சொட்டா சேருது, கடைசியா ஒரு ஏர்ஹோஸ்டஸ் பெல்ட் போடச் சொல்லி தோள்ல கை வச்சதும் வழிஞ்சிடுது, பாக்குறவங்களுக்கு "பெல்ட் போடச் சொன்னதுக்கா இவ்ளோ கத்துறான்"னு தோணும். அதுக்கு முன்னாடி ஆறு மணி நேரமா சேந்தது யாருக்கும் தெரியாது. இது அடம் இல்ல. அடம் பிடிக்கிற குழந்தை நீங்க பாக்குறீங்களான்னு ஓரக்கண்ணால பாக்கும், கேட்டது கெடச்சா நிறுத்திடும். இப்படி தாங்க முடியாம வழிஞ்சு போறதத்தான் மெல்ட்டவுன்னு சொல்வாங்க, அது வந்த குழந்தைக்கு நீங்க கேட்டத குடுத்தாலும் நிக்காது, அந்த நேரத்துல பேச்சு கூட காதுல ஏறாது, அதட்டுறதால இன்னும் கூடத்தான் செய்யும். அப்ப பண்ண வேண்டியது கம்மி பண்றது மட்டும்தான்: பேச்ச கம்மி பண்ணுங்க, வெளிச்சத்த கம்மி பண்ணுங்க, போர்வையால ஒரு மறைப்பு, பிடிச்சவங்களுக்கு இறுக்கமா ஒரு அணைப்பு, பிடிக்காதவங்கள தொடாம பக்கத்துலயே இருக்கிறது.

அப்ப வேலை எங்க ஆரம்பிக்குதுன்னா, டிக்கெட் போட்ட அன்னைக்கு. ஏர்லைன்ஸ் சிஸ்டத்துல வீல்சேருக்கு ஒரு கோட் இருக்குற மாதிரி அறிவுத்திறன் அல்லது வளர்ச்சி சார்ந்த குறைபாடு இருந்து உதவி தேவைப்படுற பயணிக்கும் ஒரு கோட் இருக்கு, டி.பி.என்.ஏ. நம்ம ஆளுங்க பாட்டிக்கு வீல்சேர் கேக்குறதுல எக்ஸ்பர்ட், ஆனா இந்த கோட் இருக்குறதே நிறைய பேருக்குத் தெரியாது. கஸ்டமர் கேர்ல எடுக்குறவங்களுக்கே சில சமயம் தெரியாது, பொறுமையா எழுத்து எழுத்தா சொல்லி புக்கிங்ல ஏத்தச் சொல்லுங்க, கெளம்புறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி இன்னொரு தடவ போன் பண்ணி அது நிக்குதான்னு பாருங்க. ஐரோப்பாவுல 1107/2006ன்னு ஒரு சட்டமே இருக்கு, 48 மணி நேரம் முன்னாடி சொல்லிட்டா ஏர்போர்ட்ல உதவி காசு இல்லாம குடுத்தாகணும். அமெரிக்காவுல செக்யூரிட்டி பாக்குற டி.எஸ்.ஏ-வுக்கு டி.எஸ்.ஏ கேர்ஸ்னு தனி ஹெல்ப்லைன், 72 மணி நேரம் முன்னாடி கூப்பிட்டு சொன்னா செக்பாயின்ட்ல கூட இருந்து உதவ ஆள் ஏற்பாடு பண்ணுவாங்க.

அடுத்தது சூரியகாந்திப் பூ போட்ட பச்சை லேன்யார்டு. வெளிய தெரியாத குறைபாடு உள்ளவங்க கழுத்துல மாட்டிக்கிறதுக்காக 2016ல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல ஆரம்பிச்சது, இப்ப உலகம் பூரா நிறைய ஏர்போர்ட்ல இருக்கு, துபாய்ல இருக்கு, இந்தியாவுல பெங்களூருல 2023ல கொண்டு வந்தாங்க. அது போட்டா எல்லா வாசலும் தானா தொறக்கும்னு இல்ல. ஆனா ஊழியர்களுக்கு இந்தக் குழந்தைக்கு கொஞ்சம் டைம் வேணும், சத்தமா பேசக்கூடாதுன்னு நீங்க வாய தொறக்காமலே போய்ச் சேருது, ஒவ்வொரு கவுன்ட்டர்லயும் முதல்ல இருந்து கதை சொல்ற வேலை மிச்சம்.

இங்கதான் எனக்கு நம்ம ஆளுங்க மேல ஒரு ஆதங்கம். நிறைய குடும்பம் வெளிய சொல்லவே மாட்டேங்குறாங்க. "அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினான், சரியாயிடும்"னு மாமியார் சொன்னத பிடிச்சுக்கிட்டு, சொந்தக்காரங்களுக்கு தெரிஞ்சிடக்கூடாதுன்னு, அதே ஃப்ளைட்ல தெரிஞ்ச தமிழ் ஃபேமிலி யாராவது இருந்துடுவாங்களோன்னு லேன்யார்டு போடாம, ஏர்லைன்ஸ்ல சொல்லாம ஏறுறாங்க. அதோட விலைய குழந்தைதான் குடுக்குது. பக்கத்து சீட்ல இருக்குறவங்க கிட்ட ஏறின உடனே "இவனுக்கு ஆட்டிசம், சில நேரம் சத்தம் போடுவான், சீட்ட ஒதைக்காம பாத்துக்குறேன்"னு ரெண்டு வரி சொல்லிடுங்க. முகம் சுளிக்கிறவங்க இருக்கத்தான் செய்வாங்க, ஆனா பெரும்பாலானவங்க அதுக்கப்புறம் திரும்பித் திரும்பி பாக்க மாட்டாங்க, சில பேரு "என் அக்கா பொண்ணும் இப்படித்தான்"னு ஆரம்பிச்சு உங்க பக்கம் வந்துடுவாங்க.

சட்டம் உங்க பக்கம் இருக்குங்கறதையும் தெரிஞ்சு வச்சுக்கணும். 2022 மே மாசம் ராஞ்சி ஏர்போர்ட்ல சிறப்புத் தேவை உள்ள ஒரு பையன ஹைதராபாத் போற இண்டிகோ ஃப்ளைட்ல ஏற விடாம நிறுத்திட்டாங்க, அவன் பதட்டத்துல இருக்கான், மத்த பயணிகளுக்கு ஆபத்துன்னு காரணம் சொன்னாங்க. கூட இருந்த பயணிகளே, அதுல டாக்டர்ங்க உட்பட, நாங்க பாத்துக்குறோம்னு அந்தக் குடும்பத்துக்காகப் பேசியும் விடல. இந்தியாவுல ஏர்லைன்ஸ கண்காணிக்கிற டி.ஜி.சி.ஏ விசாரிச்சு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டுச்சு, அதே வருஷம் ஜூலையில விதியையும் மாத்தினாங்க: குறைபாட்ட காரணம் காட்டி ஏத்த மாட்டேன்னு சொல்லக்கூடாது, பறக்கும்போது உடம்புக்கு ஏதாவது ஆயிடும்னு ஏர்லைன்ஸ் நெனச்சா டாக்டர் ஒருத்தர் நேர்ல பாத்துதான் சொல்லணும், கவுன்ட்டர்ல இருக்குற ஊழியர் தானா முடிவு பண்ணக்கூடாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசம் தெளிவா பட்டியல்ல இருக்கு, அதனால இந்தியாவுல இருந்து கெளம்புறவங்க யு.டி.ஐ.டி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருந்தா கைப்பையிலயே வைங்க, இல்லன்னா டாக்டர் லெட்டர். போன்ல ஒரு போட்டோவும் இருக்கட்டும்.

அமெரிக்காவுல குறைபாடு உள்ளவங்க கூடுதல் நேரம் வேணும்னு கேட்ல சொன்னா முன்னாடியே ஏத்தணும்னு விதி. இதுல ஒரு விஷயம், முன்னாடி ஏறுறது எல்லாக் குழந்தைக்கும் நல்லது இல்ல. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அமைதியா போய் உக்காந்தா சரியாகுற குழந்தைங்க இருக்காங்க. ஆனா துறுதுறுன்னு ஓடுற குழந்தைய 45 நிமிஷம் முன்னாடியே கொண்டு போய் சீட்ல கட்டி வச்சா விமானம் நகர்றதுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சிடும். ரெண்டு பேரு கூடப் போறீங்கன்னா ஒருத்தர் பையெல்லாம் எடுத்துட்டு முதல்ல ஏறி சீட்ட தொடைச்சு, போர்வை, பொம்மை, டேப்லெட் எல்லாம் எடுத்து வைக்கட்டும், இன்னொருத்தர் குழந்தையோட கேட் பக்கத்துல நடந்துட்டே இருந்து கடைசியா ஏறட்டும். எங்களுக்கு இதுதான் ஒத்து வருது.

ஒத்திகை பாக்குறது ரொம்ப பெரிய விஷயம். பாஸ்டன் லோகன் ஏர்போர்ட்ல 2011ல விங்ஸ் ஃபார் ஆட்டிசம்னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்க, குடும்பத்தோட ஏர்போர்ட் வந்து செக் இன் பண்ணி செக்யூரிட்டி தாண்டி நெஜ விமானத்துல ஏறி உக்காந்துட்டு எறங்கி வீட்டுக்குப் போயிடலாம், அது அப்புறம் நிறைய ஊருக்குப் பரவுச்சு. பிட்ஸ்பர்க் ஏர்போர்ட்ல 2019ல தொறந்த சென்சரி ரூம்குள்ள நெஜ சீட்டோட ஒரு விமான கேபினே செஞ்சு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல டிக்கெட் இல்லாம டெர்மினலுக்குள்ளயே விட மாட்டாங்க, அதனால முடிஞ்சா சென்னையில இருந்து கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ ஒரு மணி நேர ஃப்ளைட்ல ஒரு தடவ கூட்டிட்டுப் போய்ப் பாக்கலாம், காசு செலவுதான், ஆனா எந்த எடத்துல குழந்தை தடுமாறுதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். அதுவும் முடியலன்னா போட்டோவோட ஒரு சின்ன கதைப் புத்தகம் நீங்களே பண்ணுங்க, பிரிண்ட் எடுத்து பின் அடிச்சா போதும், தினமும் படுக்கும்போது படிச்சுக் காட்டுங்க. அதுல க்யூவுல நிக்கிறது, பையை பெல்ட்ல வைக்கிறது, பை மெஷினுக்குள்ள போய் அந்தப் பக்கம் திரும்பி வர்றது எல்லாம் இருக்கணும். அந்தத் திரும்பி வர்ற படத்த விட்டுடாதீங்க. விடவே விடாத பொம்மை ஒரு இருட்டு ஓட்டைக்குள்ள போய் மறையிறத குழந்தை பாக்குது, அது திரும்பி வரும்னு அதுக்கு எப்படித் தெரியும்? பேச்சு வராம டேப்லெட்ல படம் தொட்டுப் பேசுற குழந்தைக்கு இன்னும் மோசம், டேப்லெட் உள்ள போற அந்த ரெண்டு நிமிஷம் அதோட வாயையே எடுத்துட்டுப் போன மாதிரி. அதனால டேப்லெட்ட கடைசியா வைங்க, ஒருத்தர் முன்னாடியே தாண்டி அந்தப் பக்கம் நின்னு வந்த உடனே எடுத்துக் குடுங்க, முக்கியமான நாலஞ்சு படத்த அட்டையில பிரிண்ட் போட்டு பாக்கெட்ல வைங்க. இந்திய ஏர்போர்ட்ல சி.ஐ.எஸ்.எஃப் ஆளுங்க கையில டிடெக்டர் வச்சு உடம்ப தடவிப் பாப்பாங்க, குழந்தைக்கு தொட்டா ஆகாதுன்னா முன்னாடியே சொல்லி உங்க மேல முதல்ல வச்சுக் காட்டச் சொல்லுங்க. வீட்டுல டிவி ரிமோட் வச்சே இத விளையாட்டா பழக்கிடலாம்.

சீட் விஷயம். முன்னால சுவர் இருக்குற பல்க்ஹெட் சீட்தான் குழந்தைக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்க, முன் சீட்ட ஒதைக்கிற பிரச்சனை இல்லங்கறது உண்மைதான், ஆனா அங்க கைப்பிடி தூக்க வராது, அதனால குழந்தை உங்க மடியில சாஞ்சு படுக்க முடியாது, காலடியில பை வைக்க விட மாட்டாங்க, ஏறும்போதும் எறங்கும்போதும் அவனுக்கு வேண்டியதெல்லாம் மேல பூட்டிக் கெடக்கும், போதாததுக்கு பல விமானத்துல டாய்லெட்டும் கிச்சனும் பக்கத்துலயே. போயிங் 777 மாதிரி ஒரு வரிசையில 3-4-3ன்னு சீட் இருக்குற விமானத்துல ஜன்னல் ஓரம் மூணு சீட்ட எடுத்து குழந்தைய ஜன்னல் பக்கம் போட்டு நடக்குற வழி ஓரத்து சீட்ல நீங்க உக்காந்துக்குறதுதான் என் கணக்குல பெஸ்ட். ஆட்டிசம் உள்ள குழந்தைங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேரு நாலு வயசுக்கு மேலயும் ஒரு தடவையாவது சொல்லாம கொள்ளாம ஓடப் பாத்திருக்காங்கன்னு 2012ல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல வந்த ஆய்வு சொல்லுது, டெர்மினல்லயும் சரி விமானத்துலயும் சரி வெளிய போற வழியில பெரியவங்க ஒருத்தர் இருக்கணும். பெல்ட்ட கழட்டிட்டே இருக்குற குழந்தைக்கு கேர்ஸ்னு ஒரு ஹார்னஸ் (தோளோட சேத்துக் கட்டுற பட்டை) இருக்கு, அமெரிக்காவுல விமானப் பாதுகாப்பப் பாக்குற எஃப்.ஏ.ஏ ஒத்துக்கிட்டது, 10ல இருந்து 20 கிலோ வரைக்கும், உயரம் 40 இன்ச்சுக்குள்ள. மத்த நாட்டு ஏர்லைன்ஸ்ல போறீங்கன்னா முன்னாடியே கேட்டு ஈமெயில்ல பதில் வாங்கி வச்சுக்குங்க.

டேப்லெட்ட நம்பிதான் எல்லாரும் போறோம், அதுல தப்பே இல்ல, ஃப்ளைட் அன்னைக்கு ஸ்கிரீன் டைம் கணக்கு பாக்காதீங்க. ஆனா பவர் பேங்க் விதி மாறிடுச்சு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல்ல இருந்தும் எமிரேட்ஸ் 2025 அக்டோபர்ல இருந்தும் விமானத்துக்குள்ள பவர் பேங்க்ல இருந்து சார்ஜ் போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சீட்ல இருக்குற பாயின்ட் வேலை செய்யாம போற நாளும் உண்டு, அதனால முழுசா சார்ஜ் போட்ட ரெண்டாவது பழைய டேப்லெட்டோ போனோ ஒண்ணு இருக்கட்டும், ரெண்டுலயும் வீடியோ எல்லாம் டவுன்லோட் பண்ணி, ஏரோப்ளேன் மோடுல போட்டு ஓடுதான்னு வீட்டுலயே பாத்துடுங்க. ஹெட்போன்ல நாய்ஸ் கேன்சலிங் வகை இஞ்சின் மாதிரி ஒரே சீரான சத்தத்த நல்லா குறைக்கும், திடீர் சத்தத்துக்கு பழைய மாதிரி காதையே மூடுற இயர் மஃப்தான் மேல். எதுவா இருந்தாலும் சில வாரம் முன்னாடியே வீட்டுல போட்டுப் பழகணும்.

சாப்பாடு பத்தி சுருக்கமா: ஃப்ளைட் சாப்பாட்ட நம்பாதீங்க. சைல்ட் மீல் 24 மணி நேரம் முன்னாடி சொன்னா குடுப்பாங்க, ஆனா நாலே நாலு அயிட்டம் மட்டும் சாப்பிடுற குழந்தைக்கு அதே பிராண்ட் பிஸ்கட், அதே சிப்ஸ், இட்லியோ சப்பாத்தியோ எது எறங்குமோ அத நீங்கதான் கட்டணும், லேட்டானாலும் தாங்குற அளவுக்கு. மிச்சத்த எறங்குறதுக்கு முன்னாடி காலி பண்ணிடுங்க, அமெரிக்கா, ஆஸ்திரேலியா கஸ்டம்ஸ்ல பழம், வீட்டுச் சாப்பாடு எல்லாம் டிக்ளேர் பண்ணணும்.

மருந்து குடுத்து தூங்க வச்சுடலாம்னு சொல்ற சொந்தக்காரங்க கண்டிப்பா இருப்பாங்க. பெனட்ரில், ஃபெனர்கன் இதெல்லாம் தூக்கத்துக்காக நீங்களா குடுக்காதீங்க. இந்த மாதிரி அலர்ஜி மருந்து சில குழந்தைங்களுக்கு தூக்கத்துக்கு பதிலா பரபரப்பக் கூட்டிடும், ஆட்டிசம் இருந்தாலும் இல்லன்னாலும் இது நடக்கும், ஃபெனர்கன் ரெண்டு வயசுக்குக் கீழ குடுத்தா மூச்சுக்கே ஆபத்துன்னு அமெரிக்காவுல மருந்துகளப் பாக்குற எஃப்.டி.ஏ கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கு. மெலட்டோனின் மாதிரி ஏதாவது வேணும்னா டாக்டர் சொன்ன அளவுல, ஒரு நாள் ராத்திரி வீட்டுல குடுத்துப் பாத்துட்டுதான். வலிப்பு மருந்து எடுக்குற குழந்தைன்னா எந்த ஊரு டைம்படி எப்ப குடுக்கறதுன்னு டாக்டர் கிட்ட எழுதி வாங்கிக்கணும், மருந்து கைப்பையிலதான் இருக்கணும்.

டாய்லெட்டுல அந்த வேக்குவம் ஃப்ளஷ் சத்தம் பெரியவங்களுக்கே தூக்கிப் போடும். குழந்தைய வெளிய விட்டுட்டு, கதவ சாத்திட்டு அப்புறம் ஃப்ளஷ் பண்ணுங்க. ஏர்போர்ட்ல தானா ஃப்ளஷ் ஆகுற எடத்துல சென்சார் மேல ஒரு ஸ்டிக்கி நோட் ஒட்டிட்டா நீங்க எடுக்குற வரைக்கும் சத்தம் வராது. டாய்லெட் பழகின குழந்தைக்கும் அன்னைக்கு ஒரு நாள் புல் அப் (ஜட்டி மாதிரி போடுற டயப்பர்) போட்டு விடுங்க, பழக்கம் கெட்டுப் போயிடாது.

எறங்கும்போது வர்ற காது வலிதான் நிறைய பேரு கவனிக்காம விடுறது. மூக்குக்கும் நடுக்காதுக்கும் நடுவுல இருக்குற குழாய் சின்னப் பசங்களுக்கு குறுகலா, படுத்த வாக்குல இருக்கும், விமானம் எறங்கும்போது வெளி அழுத்தம் கூடுது, குழாய் தொறக்காம ஒட்டிக்குது, அதனால ஏறுறதவிட எறங்குறப்பதான் வலி. காது வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத குழந்தை தலையில அடிச்சுக்கும், ஹெட்போன பிடுங்கி எறியும், நம்ம அத கோவம்னு நெனச்சுடுவோம். தரை தொடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே எறங்க ஆரம்பிச்சிடும், அந்த நேரத்துக்குன்னு ஸ்ட்ரா போட்ட பாட்டில், சூப்புற மிட்டாய், மெல்லுற மாதிரி ஏதாவது தனியா எடுத்து வைங்க, தூங்கிட்டு இருந்தா எழுப்பிடுங்க, தூக்கத்துல எச்சில் முழுங்கறது கம்மி. சளியும் காது இன்ஃபெக்‌ஷனும் இருந்தா கெளம்புறதுக்கு முன்னாடி டாக்டர் பாத்தே ஆகணும்.

ட்ரான்சிட் எவ்ளோ நேரம் வைக்கிறதுன்னு கேப்பாங்க. லண்டன், ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்து சென்னைக்கு நேரா ஃப்ளைட் இருக்கு, அமெரிக்காவுல இருந்து நேரா கெடையாது, ஒரு எடத்துலயாவது மாறணும். ஒன்றரை மணி நேர கனெக்‌ஷன்ல குழந்தைய இழுத்துட்டு ஓடுறதுதான் இருக்குறதுலயே மோசம். மூணு நாலு மணி நேரம் இருந்தா ஆள் இல்லாத ஒரு கேட் பக்கமா போய் ஓட விட்டு, சாப்பிட வச்சு, டாய்லெட் போயிட்டு வரலாம். ரெண்டு தடவ மாறுற டிக்கெட் சில நூறு டாலர் கம்மியா வரும், அதத் தொடாதீங்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் செக்யூரிட்டி, க்யூ, ஏறுறது, எறங்குறதுன்னு எல்லாம் முதல்ல இருந்து.

சென்னையில எறங்கின அப்புறமும் முடியல. இமிக்ரேஷன்ல லேன்யார்டையும் லெட்டரையும் காட்டி குழந்தைய வச்சுக்கிட்டு நிக்க முடியலன்னு கேளுங்க, கேக்காம யாரும் கூப்பிட மாட்டாங்க. வெளிய வந்தா வெக்கை, ஹாரன் சத்தம், கூட்டம், அதுல ஒரு வருஷமா காத்திருந்த தாத்தா பாட்டி, அத்தை, சித்தப்பா எல்லாரும் ஒரே நேரத்துல தூக்க கை நீட்டுவாங்க. கெளம்புறதுக்கு முன்னாடியே அவங்க கிட்ட பேசிடுங்க: ஏர்போர்ட்டுக்கு ஒருத்தர் கார் எடுத்துட்டு வந்தா போதும், தூக்கக் கூடாது, முத்தம் குடுக்கக் கூடாது, அவனா கிட்ட வர்ற வரைக்கும் விடுங்கன்னு. பாட்டிக்கு இது வருத்தமா இருக்கும்தான், ஆனா ஏன்னு உக்காந்து விளக்கிச் சொன்னா புரிஞ்சுக்குறாங்க, என் மாமியார் புரிஞ்சுக்கிட்டாங்க. அமெரிக்காவுல இருந்து வந்தா ஒன்பதரைல இருந்து பதிமூணரை மணி நேரம் வரைக்கும் டைம் வித்தியாசம், ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உக்காந்துட்டு விளையாடக் கூப்பிடுவான். முதல் மூணு நாலு நாள் கோயில், கல்யாணம், சொந்தக்காரங்க வீடுன்னு எதுவும் வைக்காம ஒரே வீட்டுல, ஒரே ரூம்ல, அங்க இருந்து கொண்டு வந்த அதே போர்வையோட அவன இருக்க விடுங்க.